ஒன்றரைக் கிலோ கிராபிக்ஸ் கார்டு

கையில் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. அவர்களால் அவர்கள் தொழிலுக்கு ஆபத்து இல்லை. அதே கையோடு அடுத்த தொழில்காரன் கடைக்குள் நுழையும்போதுதான் ஆபத்து.

நான் ஏலக்காய் வியாபாரி. கம்பத்தில் கடை. மலையிலிருந்து இறங்குகிற காயை வாங்கி, சலித்து, தரம் பிரித்து, மூட்டை தைத்து அனுப்புவது வேலை. ஏலக்காயில் பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒன்று பருமன். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற காய் ராஜா. அதிலிருந்து கீழே விழுவது மந்திரி. அதற்கும் கீழே விழுவது பாயசத்துக்கு. இன்னொன்று லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்போம். உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைந்த காய் கனக்கும். உள்ளே வெறுமையான பொக்குக் காய் பார்வைக்குப் பச்சைப் பசேலென்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும். தராசில் ஏறினால் வண்டவாளம் தெரிந்துவிடும். இதற்காகச் சட்டைப் பையில் அடங்குகிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். (சில பேர் சட்டைப் பையில் சாமி படம் வைத்திருப்பார்கள். நான் ரெண்டும் வைத்திருப்பேன். தராசுதான் முன்னால்.)

கடைச் சுவரில் ஒரு போர்டும் மாட்டியிருந்தேன். வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து: ‘தையல் பிரித்த மூட்டை திரும்ப எடுக்கப்பட மாட்டாது.’ உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நசீர் பாய் ஒருமுறை தங்கை மகள் கல்யாணத்துப் பிரியாணிக்கு என்னிடம் ஒரு சின்ன மூட்டை காய் வாங்கினார். கணக்கு அதிகமாகிப் பாதி மூட்டை மிஞ்சிவிட்டது. திருப்பிக் கொடுக்க வந்தார். விரலை மட்டும் சுவரை நோக்கி நீட்டினேன். படித்தார், சிரித்தார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கு நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

என் மகள் ஜாக்குலின், வீட்டில் ஜாக்கி, பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். படிப்பு ஒரு பக்கம்; கம்ப்யூட்டரில் சண்டை போடுவது இன்னொரு பக்கம். ஐந்து பேர் ஒரு அணி, எதிரில் ஐந்து பேர், துப்பாக்கி. அவள் அணியில் ஐந்தும் அவள் கல்லூரிப் பெண் பிள்ளைகள், சொந்த ஊர் ஆளுக்கு ஒன்று. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவர்கள் அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குப் புரிந்தது ‘இறுதி’ என்ற பாதி மட்டும்தான். ஆனாலும் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வருகிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்.

அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு அவமானம் நடந்திருந்தது. தோழியின் பழைய லேப்டாப்பில்தான் ஆடினாள். முக்கியமான கட்டத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டது. அவள் விரல் ஓடுகிறது, திரையில் அவள் ஆள் அய்யனார் சிலை மாதிரி நிற்கிறது. எதிரணிப் பையன்கள் சுடக்கூட இல்லை. அவளைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்து ஆடிக் காட்டினார்கள். அதை யாரோ பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். மற்ற நால்வரும் எப்படியோ அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். இவளுக்குப் பட்டப்பெயர் ‘சிலை’ என்று வைத்தாயிற்று.

“ப்பா, அரையிறுதியில மறுபடி நான் சிலையா நின்னா, டீம்ல இருக்கவே மாட்டேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குக் குரல் நடுங்கும்போது வருகிற அதே மூக்கடைப்பு அவளுக்கும் வரும். வந்தது.

அதனால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர். கடையில் கட்டிக் கொடுப்பதை வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, கொஞ்சம் என்னிடம் கறந்து, மாதத்துக்கு ஒரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். லீவில் வரும்போதெல்லாம் நடுவீட்டில் துணியை விரித்து உட்கார்ந்து, குருவி கூடு கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக மாட்டினாள். பாக்கி இருந்தது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற பலகை அது. அவள் வாங்கிய பெட்டியில் அது இல்லாமல் படமே வராது.

இந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு, நாங்கள் அவளுக்குப் பெயர் தேர்ந்தெடுக்கக்கூடப் பட்டதில்லை. எத்தனையோ வீடியோ பார்த்தாள். இதைவிட அது வேகம், அதைவிட இது கரண்டு கம்மி என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பேசினாள். கடைசியில் ஒன்றை முடிவு செய்து நசீர் பாயிடம் சொல்லி வைத்தாள். வியாழக்கிழமை சரக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை ஆட்டம். அவள் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வருவாள்.

“ப்பா, நீங்க போயி வாங்கி மட்டும் வைங்க. வாங்கி மட்டும்” என்று போனில் ரெண்டு தடவை சொன்னாள்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை என் காது பொக்கு என்று தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை நசீர் பாய் கடைக்குப் போனேன்.

“வாங்கண்ணே. பாப்பா சொன்னது வந்துருச்சு” என்று ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கையகலத்துக்கு ஒரு பலகை, ரெண்டு காற்றாடி. தூக்கினேன். தூக்கினது தெரியவில்லை.

“என்ன பாய் இது, தீப்பெட்டி கணக்கா இருக்கு?”

“அதுதாண்ணே இப்போதைக்கு நல்ல கார்டு. புதுசு.”

அப்போதுதான் அவர் தலைக்கு மேல் அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன். முழங்கை நீளம். மூன்று காற்றாடி. கறுப்பு உடம்பில் சிவப்புக் கோடு. ஏலக்காயாகப் பிறந்திருந்தால் எட்டு எம்.எம். சல்லடையை உடைத்துக்கொண்டு நின்றிருக்கும்.

“அது எம்புட்டு?”

“கிட்டத்தட்ட இதே வெலைதான். ஆனா அது உங்களுக்கு வேணாம்ணே.”

இங்கேதான் நான் மோசம் போனேன். எங்கள் தொழிலில் ஒரு வியாபாரி ‘இந்தச் சரக்கு உங்களுக்கு வேணாம்’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேறு பார்ட்டிக்கு எடுத்து வைத்த ஒன்னாம் நம்பர் காய். அந்த மூட்டையைத்தான் முதலில் பிரிக்கச் சொல்ல வேண்டும். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லி மறைத்திருக்கிறேன்.

“எறக்குங்க பாய்.”

இறக்கினார். நான் தராசை எடுத்து மேசை மேல் வைத்தேன். கடையில் மவுஸ் வாங்க வந்த ஒரு பையன் கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தான். மகள் சொன்னது அறுநூறு கிராம் சொச்சம். அலமாரியில் இருந்து வந்தது ஒன்றரைக் கிலோ!

“விலை ஒண்ணு, எடை ரெண்டரை மடங்கு. இதுல யோசிக்க என்ன பாய் இருக்கு?”

“அண்ணே, அது போன தலைமுறைச் சரக்கு. கரண்டு நெறையாக் குடிக்கும். ரெண்டு பிளக்கு கேக்கும், பாப்பா வாங்குன பவர் சப்ளையில ஒண்ணுதான் இருக்கு. நீளமும் ஒத்து வராது.”

“இருவத்தஞ்சு வருசமாக் காய் பாக்குறேன் பாய்.”

“இது காய் இல்லண்ணே.”

“எல்லாம் சரக்குதான்.”

நசீர் பாய் பெருமூச்சு விட்டார். “ரெண்டு தடவ சொல்லிட்டேன். மூணாவது சொன்னா, பாய் நல்ல சரக்க ஒளிச்சு வைக்கிறாகன்னு கம்பம் பூரா சொல்லுவீக. எடுத்துட்டுப் போங்க. ஆனா தையலப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

அட்டைப் பெட்டிக்கு எங்கேயடா தையல் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வண்டியில் அதை முன்னால் நிறுத்தி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருகிறவன் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. மனைவி சகாயமேரி அங்கன்வாடிக்குப் போயிருந்தாள். மகள் வருவதற்குள் மாட்டி, ஓட விட்டு, அவள் வாசலில் கால் வைக்கும்போது திரையில் படம் பளிச்சென்று நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆர்வத்தில் அட்டைப் பெட்டியைத் திறக்கவில்லை, கிழித்தேன்.

மாட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவன் ‘டக்’ என்று அழுத்தினான், முடிந்தது. நான் அழுத்தினேன். டக் வரவில்லை. காரணம், கார்டின் முன்பாதி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த ஒரு தகரக் கூண்டில் முட்டிக்கொண்டு நின்றது. சாய்த்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பலாப்பழத்தைத் தள்ளுகிற மாதிரி காலைக்கூடக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

அந்தக் கூண்டு காலியாகத்தான் இருந்தது. காலியாக இருக்கிற கூண்டு எதற்கு? கடையில் காய் உலர்த்தும் தட்டுகளுக்குக் கம்பி அறுக்கிற கட்டிங் மிஷின் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது.

(இங்கே நான் முழு முட்டாள் இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற பாகங்கள் மேல் தூசு விழாமல் இருக்க, மூட்டைக்குள் போடுகிற பாலிதீன் தாளை நாலு மடிப்பாகப் போட்டு மூடினேன். முக்கால் முட்டாள்.)

பொறி பறந்தது. வீடே தீபாவளி. அந்த நேரம் பார்த்துச் சகாயமேரி எதையோ மறந்து எடுக்க வந்துவிட்டாள். வாசலில் நின்றபடி இடுப்பில் கை வைத்தாள்.

“ஏங்க, நடுவீட்டுல என்ன வெல்டிங் பட்டறையா வச்சிருக்கீக?”

“ஒண்ணுமில்ல சகாயம். பெட்டி சின்னதாப் போச்சு. கொஞ்சம் எடம் பண்றேன்.”

“பெட்டி சின்னதாப் போச்சா, நீங்க வாங்குனது பெருசாப் போச்சா?”

அதுவரைக்கும் எனக்கு அந்தக் கோணமே தோன்றவில்லை.

“புள்ளகிட்டக் கேட்டீகளா?”

“சஸ்பென்ஸா இருக்கட்டும்னு...”

“யாருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னோடு சண்டை போட்டது குறைவு. கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவாள். சண்டை எனக்குள் நடக்கும்.

கூண்டு வெளியே வந்தது. கார்டு உள்ளே போனது. டக் வந்தது! எழுந்து நின்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். கார்டின் முதுகில் கரண்டுக்கு ரெண்டு துளை இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த வயர் ஒன்றுதான். ஒன்றை மாட்டினேன். ரெண்டாவதுக்குப் பெட்டி முழுக்கத் தேடினேன். இல்லை. வேட்டியில் ஒரு முனையைப் பிடித்தால் போதாதா, இன்னொரு முனை தானாக வராதா என்ற நம்பிக்கையில் ஸ்விட்சைப் போட்டேன்.

விர்ரென்று ஒரு சத்தம். பிறகு கார்டின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். கறுப்பு. திரையைத் துடைத்தேன். கறுப்பு பளபளப்பாகத் தெரிந்தது.

சிவப்பு விளக்கு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் காய் உலர்த்தும் ஸ்டோரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஏதோ கருகுகிறது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு கார்டைக் கெடுத்துவிட்டேன் என்றால்கூடப் பரவாயில்லை. மாதம் மாதமாகச் சேர்த்து அவள் கட்டிய கூடு மொத்தத்தையும் எரித்துவிட்டேனா? நாளைக் காலை நாலு பிள்ளைகள் நாலு ஊரில் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது சிலை. இந்தத் தடவை சிலை செய்த சிற்பி நான்.

கார்டைக் கழற்றினேன். அதன் பெட்டிதான் கிழிந்து கிடந்ததே. ஒரு திராட்சைப் பெட்டியில் காகிதச் சுருளைப் போட்டு அதன் மேல் படுக்க வைத்து, உத்தமபாளையத்துக்கு வண்டியை விரட்டினேன். எதிரே வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா. வாரா வாரம் நடப்பது, நூறு தடவை அந்த நேரத்தில் அந்தத் தெருவைக் கடந்திருக்கிறேன், பதற்றத்தில் மறந்துவிட்டேன். கடைப் படியில் உட்கார்ந்தேன். மடியில் பெட்டி. மெயின் ரோட்டு வெயில்.

மொபெட்டில் போன ஒருவர் பிரேக் போட்டார்.

“பன்னீர் திராட்சையாண்ணே? கிலோ எம்புட்டு?”

“விக்கிறதுக்கு இல்ல.”

“பெறகு எதுக்கு ரோட்டுல வச்சுக்கிட்டு உக்காந்துருக்கீக?”

நியாயமான கேள்வி. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் கம்பம் பஸ் ஒன்று எதிரே நின்றது. ஜன்னலில் ஒரு முகம் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். ரெண்டு முகமும் ஒரே அச்சு. ஒளிய ஒரு மரம்கூட இல்லை. பஸ் நகர்வதற்குள் பையோடு குதித்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்தாள் ஜாக்கி.

“என்னப்பா, இங்கன உக்காந்து திராட்சை விக்கிறீக?”

அவள் காகிதச் சுருளை விலக்கினாள். மூன்று காற்றாடியையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை அடியில் கொடுத்துக் கார்டைத் தூக்கினாள். மூக்கடைப்புக் குரல் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“எத்தன கிராமுப்பா?”

“ஒண்ணரைக் கிலோ.”

“நான் சொன்னது?”

“அறுநூத்திச் சொச்சம்.”

என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பை சரிந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டது, அவள் நிறுத்தவில்லை. “நிறுத்தாரு... கடைக்குள்ள வச்சு நிறுத்துருக்காரு...” திடீரென்று நின்றாள்.

“இது நம்ம கேபினெட்டுக்குள்ள போகாதே. மாட்டிப் பாத்தீகளா?”

“கொஞ்சம் எடம் பண்ணேன் தாயி.”

“எதுல?”

“கட்டிங் மிஷின்ல.”

சிரிப்பு போய்விட்டது. “ஆன் பண்ணீகளா?”

“பண்ணேன். செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. படம் வரல.”

“பொகை வந்துச்சா?”

“இல்ல.”

“கருகுற வாசம்?”

“ஏலக்கா வாசந்தான். அது என் சட்டை.”

நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். “அப்பன்னா உசுரோட இருக்கு. இன்னொரு வயரு வேணும்னு அது சொல்லியிருக்கு, அம்புட்டுத்தான். அதுக்குத்தான் செவப்பு லைட்டு.” பிறகு கார்டை என் மடியில் கவிழ்த்து வைத்தாள். “இங்க பாருங்கப்பா. இந்த எடையில முக்கால்வாசி அலுமினியத் தகடும் காத்தாடியும். எதுக்கு? சூடு ஆத்துறதுக்கு. இது பழசு, பயங்கரமாச் சூடாகும். வேலை செய்யுற சில்லு உள்ள பெருவிரல் அகலந்தான். புதுசு அம்புட்டுச் சூடாகாது, அதனால அதுக்கு இம்புட்டுப் போர்வை தேவையில்ல.” என் முகத்தைப் பார்த்தாள். புரியவில்லை என்று கண்டுகொண்டாள். “ப்பா. நீங்க தோலை நிறுத்துருக்கீக. அரிசிய நிறுக்கல.”

காயின் தோலைப் பார்த்து ஏமாறுகிற கத்துக்குட்டி வியாபாரிகளைக் கூப்பிட்டு வைத்துச் சிரிக்கிறவன் நான். என் தொழிலை என் மகள் நடுரோட்டில் வைத்து எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் யாராவது நின்று இதைக் கேட்கிறார்களா, ‘என் புள்ள’ என்று சொல்லிக்கொள்ளலாமா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

தொழுகை முடிந்து நசீர் பாய் வந்தார். படியில் அப்பனையும் மகளையும் திராட்சைப் பெட்டியையும் பார்த்தார். ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

“தையல் பிரிஞ்சிருச்சு போலயேண்ணே.”

“பாய்...”

“தையல் பிரித்த மூட்டை,” என்று நிறுத்தி, என் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிற இழுவையோடு, “திரும்ப எடுக்கப்பட மாட்டாது.”

அந்தப் பழைய சிரிப்பு. இப்போது நிறுத்துப் பார்த்தேன். நல்ல லிட்டர் வெயிட்.

நான் தரையைப் பார்த்தேன். ஜாக்கி எழுந்தாள்.

“மாமா, அந்த போர்டு இனிமே எங்க கடையில இருக்காது.”

“யாரு சொல்றது?”

“நான்தான். எனக்கும் கடையில பாதி இருக்குல்ல?”

“எப்ப இருந்து?” என்று நான் கேட்டேன்.

“இப்ப அஞ்சு நிமிசமா” என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். “போர்டக் கழட்டி நாளைக்கு சாயங்காலம் அப்பாவே உங்ககிட்டக் கொண்டாந்து குடுப்பாரு. நீங்க இதை மாட்டிப் பாருங்க மாமா. ஓடுனா எடுத்துக்கங்க. ஓடலைன்னா வேணாம்.”

நசீர் பாய் கார்டைத் தன் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டி, ரெண்டு வயரையும் கொடுத்தார். மூன்று காற்றாடியும் சுற்றின. படம் வந்தது. அந்தக் கார்டு என் கையில் எத்தனை பாடு பட்டும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் என் மரியாதை உண்டு.

அவர் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மேலே பேனாவால் ‘ஜாக்குலின் பாப்பா’ என்று எழுதியிருந்தது.

“நேத்து சாயங்காலம் சின்னமனூர்ல இருந்து ஒருத்தவுக வந்து இதக் கேட்டாக. இது ஒண்ணுதான் இருந்துச்சு. குடுக்கல. அண்ணன் இன்னைக்குத் திரும்பி வந்துருவாகன்னு தெரியும்.”

“அந்த மிஞ்சுன காய என்ன பாய் பண்ணீக?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னைக்கே தெரு பூராவும் குடுத்தாச்சுண்ணே. ஒரு வாரம் எங்க தெருவுல டீ மணத்துச்சு. போர்டுதான் செரிக்கல.”

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்ததும் ஜாக்கி ஒரு கணம் கண்ணை மூடினாள். நான் அறுத்த இடம் நாய் கடித்த மாதிரி இருந்தது. கடையில் காய்த் தூசு ஊதுகிற புளோயரைக் கொண்டுவரச் சொல்லி இரும்புத் தூளை ஊதினாள். அறுத்த முனைகளை மழுக்கினாள். சின்னக் கார்டை வைத்து அழுத்தினாள். டக். ஒரு வயரைச் செருகினாள். ஸ்விட்ச். திரையில் வெளிச்சம்!

“இதுல ஒரு நல்லது நடந்திருக்குப்பா” என்றாள். “அந்தக் கூண்ட வெட்டுனதுல காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வருது.”

அது அவள் எனக்குக் கொடுத்த ஆறுதலா, உண்மையா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. பிறகு ஆட்டத்தில் மற்றவர்கள் திரையில் தெரிகிற தன் பெயரை மாற்றிக்கொண்டிருந்தாள். என்ன பெயர் என்று கேட்டேன். நாளைக்குப் பாருங்க என்றாள்.

சனிக்கிழமை காலை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கம்ப்யூட்டருக்கு ஆறடி தள்ளி நிற்பது. நின்றேன். சகாயமேரி ஜெபமாலையோடு ஒரு நாற்காலியில். என் போனில் ஓடிய நேரடி ஒளிபரப்பில் சண்டையை ஒருவன் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வர்ணித்தான். எனக்கு யார் நம்ம ஆள், யார் எதிராளி என்றே தெரியவில்லை. ஜாக்கியின் தோளைப் பார்த்துத்தான் ஆட்டத்தைக் கண்டுகொண்டேன். தோள் ஏறினால் ஆபத்து, இறங்கினால் லாபம்.

கடைசிச் சுற்று. அவள் அணியில் நால்வரும் விழுந்துவிட்டார்கள். இவள் ஒருத்தி, எதிரில் ரெண்டு பேர். ஒரு சுவர் ஓரம் பதுங்கியிருந்தாள். தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. உறைந்துவிடாதே, உறைந்துவிடாதே என்று எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களிடமும் சொன்னேன். பெட்டியில் நான் அறுத்த ஓட்டையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். அவள் திரும்பினாள். படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒருவன் விழுந்தான். மறுபடி திரும்பினாள். அடுத்தவன் ஓடி வந்தான், விழுந்தான்.

வர்ணனைக்காரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான் என்பது குரலிலேயே தெரிந்தது.

“லிட்டர்வெயிட்! லிட்டர்வெயிட்! லிட்டர்வெயிட்!”

நான் ஆறடியைத் தாண்டிவிட்டேன். எங்கள் கம்பத்து ஏலக்காய்க் கடைச் சொல்லை, பெயர் தெரியாத எவனோ ஒருவன், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறான்.

“ஏங்க, யாரு செத்தா?” என்று கேட்டாள் சகாயமேரி.

“எல்லாரும்” என்றேன். “நம்ம புள்ளயத் தவிர.”

அன்று சாயங்காலம் போர்டைக் கழற்றி நசீர் பாயிடம் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் தட்டாகப் போட்டு, அதன் மேல்தான் அந்த ஒன்றரைக் கிலோ கார்டை விற்கும்வரை வைத்திருந்தார். கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிறவர்களிடம், “எத்தன ஜிபி வேணும், இல்ல, எத்தன கிலோ?” என்று இன்றைக்கும் கேட்கிறாராம். எங்கள் வீட்டில் நான் எதை வாங்கி வந்தாலும், அது புடலங்காய் ஆகட்டும், மூக்குக் கண்ணாடி ஆகட்டும், சகாயமேரியின் முதல் கேள்வி “தோலா, அரிசியா?” என்பதுதான். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தபோது பையன் நல்ல உயரம், நல்ல உடம்பு என்று நான் சொல்லப் போக, ஜாக்கி தராசை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

இறுதி ஆட்டத்தில் அவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு மெடல் வந்தது. நீல ரிப்பன். ஜாக்கி அதை நேரே கடைக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“நிறுத்துப் பாருங்கப்பா.”

வேலையாட்கள், காய் கொண்டுவந்த ரெண்டு தோட்டக்காரர்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். தராசில் வைத்தேன். தகரம், மேலே வெள்ளிப் பூச்சு. முப்பது கிராம்கூட வரவில்லை.

“பொக்குப்பா” என்று சிரித்தாள்.

போர்டு இருந்த ஆணி காலியாகத்தான் இருந்தது. நாற்காலியில் ஏறி மெடலை அதில் மாட்டினேன். கீழே இறங்கி, தோட்டக்காரர்கள் பக்கம் திரும்பி, தராசு தப்பாகக் காட்டுகிறது என்றேன். இருபத்தைந்து வருஷ வியாபாரத்தில் என் தராசைப் பற்றி நான் அப்படிச் சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான்.